என் பையில் யார் கை?

அத்தியாயம் 17

முந்தின நாள் சாயங்காலம் காக்வெல் வீட்டில் மூண்ட சண்டை, விடியற்காலையிலும் சமையலறை மேசையில்தான் உட்கார்ந்திருந்தது.

நோரீன் டீ போட்டாள். மூன்று குவளைகளையும் மூன்று பேருக்கு முன்னால் வைத்தாள். மேசையின் ஒரு முனையில் அவள் புருஷன் மெல்வின், முதுகுக்குத் தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். மறுமுனையில் மகள் ட்ரூடி. எதிரே அவளுடைய செல்போன் கவிழ்ந்து கிடந்தது. அந்தப் போனில்தான் நேற்று வருஷக் கடைசி வட்டி வந்து விழுந்தது. பதினோரு பவுண்டு. வரவேண்டியது நானூறுக்கு மேல்.

அந்த நானூறு வந்தால்தான் ஓட்லிங்கின் மீன் வண்டி அவர்கள் கைக்கு வரும்.

கிரிம்ஸ்பி மீன்துறையிலிருந்து மீனை ஏற்றிக்கொண்டு, கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர் ஊராகப் போய் விற்கும் வண்டி அது. ஓட்லிங்குக்கு வயதாகிவிட்டது. வண்டியோடு சேர்த்து, வருஷக்கணக்காக அவனிடமே வாங்கிப் பழகிய வாடிக்கையையும் விற்கிறான். கிடங்கு வேலை போன நாளிலிருந்து ட்ரூடி அந்த வண்டியைத்தான் கனவில் ஓட்டிக்கொண்டிருந்தாள். தன் காரைக்கூட விற்றுக் கணக்கில் போட்டாள். நோரீன் மீன் வெட்டிச் சேர்த்தது, மெல்வினின் முதுகு ஒடிந்ததற்குத் துறைமுகம் கொடுத்த பணத்தில் மிஞ்சியது, எல்லாம் அதே கணக்கில்தான். அதற்கு மேல் இந்த வட்டியும் சேர்ந்தால் ஓட்லிங் கேட்ட விலை சரியாக வந்துவிடும். வராவிட்டால் சனிக்கிழமை மத்தியானம் வண்டி ஸ்கெக்னஸ் ஊர்க்காரன் ஒருவனுக்குப் போய்விடும். அவன் முழுப் பணத்தோடு தயாராக நிற்கிறான்.

"டீ ஆறுது," என்றாள் நோரீன்.

"பேங்க்காரன் அப்படி என்னம்மா பெருசாக் கேட்டுட்டான்?" ட்ரூடி டீயைத் தொடவில்லை. "மாசாமாசம் ரெண்டு டைரக்ட் டெபிட் போகணும். கேஸுக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு. அது போயிட்டிருந்தா நல்ல வட்டி. இல்லைன்னா பிச்சைக்காசு. இவ்வளவுதான். இந்த வீட்ல அத நிறுத்தினது யாரு? நானா? நீயா?"

மெல்வின் ஜன்னலைப் பார்த்தான். வெளியே இருட்டுத்தான் இருந்தது.

"வாயத் தொறப்பா. ஆமா, நான்தான் நிறுத்தினேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. ஒரு வருஷமா எங்கள முட்டாளாக்கிட்டு உக்காந்திருக்க."

"டீயக் குடி."

"அதுக்கு மட்டும் வாய் வரும்."

ட்ரூடி சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. கம்பெனிக்காரன் நம்முடைய கணக்கிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு என்றாலே மெல்வினுக்கு ஆகாது. ட்ரூடி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அவன் முதுகு போய்ப் படுத்த மாதம், கேஸ் கம்பெனி மீட்டரைப் பார்க்காமல் குத்துமதிப்பாக ஒரு கணக்குப் போட்டு மூன்று பங்கு பணத்தை உருவிக்கொண்டது. அதனால் கணக்கில் காசில்லாமல் வாடகை திரும்பியது. வாடகை திரும்பியதற்கு பேங்க் அபராதம் போட்டது. அபராதம் போட்டதால் அடுத்த தவணையும் திரும்பியது. கடைசியில் ஜப்திக்காரர்கள் இரண்டு பேர் வந்து, பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த டிவியைப் படம் ஓட ஓடச் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். கேஸ் கம்பெனி பிறகு வருத்தம் தெரிவித்தது. பேங்க் அதுகூடச் செய்யவில்லை.

அன்றிலிருந்து மெல்வின் எந்தப் பில்லானாலும் கையில் காசோடு தபாலாபீசுக்கு நடந்தான். குனிந்தால் நிமிர முடியாதவன், மழையிலும் நடந்தான். "நான் குடுப்பேன். எவனும் எடுக்கக்கூடாது," என்பான். அவ்வளவுதான் அவனுடைய அரசியல்.

"அவர ஏன் நோண்டுற?" என்றாள் நோரீன். "எதுவும் நிக்கல. ரெண்டும் மாசம் தவறாமப் போயிட்டுதான் இருக்கு. போன வருஷம் நான்தான் பேங்க்ல உக்காந்து ஏற்பாடு பண்ணேன். தப்பு அவங்க பக்கம். இன்னைக்கு வியாழன், பேங்க் வண்டி வரும். நேர்ல கேட்டு வாங்கிட்டு வரேன்."

மெல்வின் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தான். ஏதோ சொல்லப்போகிறவன்போல வாயைத் திறந்தான். பிறகு டீயைக் குடித்தான்.

"வாங்கிட்டு வந்தாச் சரி," என்று ட்ரூடி கோட்டை மாட்டினாள். "நாளைக்கு லவுத் ஊர் ரவுண்டு என்னைத் தனியா ஓட்டிப் பாக்கச் சொல்லியிருக்கார் ஓட்லிங். ஆசை காட்டிட்டு அப்புறம் புடுங்கிக்கிற மாதிரி ஆகிடாம இருந்தா சரி."

* * *

மீன் ஷெட்டில் மேற்பார்வைக்காரன் ஒரு மணி நேரம் வெளியே விட்டான். அந்த ஒரு மணி நேரத்துக் கூலியையும் பிடித்துக்கொள்வதாகச் சொன்னான். தன் பணத்தைக் கேட்கப் போவதற்குத் தன் கூலியையே கட்டணமாகக் கொடுத்துவிட்டு நோரீன் கிளம்பினாள். ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. மேலெல்லாம் ஹாடக் மீன் வாடை. இருக்கட்டும், இந்த ஊரில் அதற்கு மூக்கைப் பொத்துகிறவன் வெளியூர்க்காரன்.

பேங்க் முன்பு கடைவீதியில் கல் கட்டடத்தில் இருந்தது. இப்போது அங்கே எலக்ட்ரானிக் சிகரெட் விற்கிறார்கள். பேங்க் ஒரு வண்டியாகச் சுருங்கி, வியாழக்கிழமை மட்டும் சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்தில் வந்து நின்றது. எந்தக் கிழமை எந்த ஊர் என்று அதன் விலாவில் எழுதியிருந்தது. காற்றில் பத்துப் பேர் கூனிக் குறுகி வரிசையில் நின்றார்கள். உள்ளே ஒருவர், மற்றவர்கள் வெளியே. மீன் வண்டிக்குக்கூட ஒரு தார்ப்பாய்க் கூரை உண்டு.

அவள் முறை வந்ததும் படியேறினாள். கதவு சாத்தப்படவில்லை. உள்ளே கேலம் என்று பெயர்ப் பட்டை குத்திய இளைஞன் கணினியைத் தட்டிப் பார்த்தான்.

"வட்டி சரியாத்தான் போட்டிருக்கு, மேடம். உங்க கணக்குல டைரக்ட் டெபிட் ஒண்ணுகூட இல்லையே."

"நல்லாப் பாரு. ஒண்ணாந்தேதி கேஸ். அதே நாள் தண்ணி."

"அது இருக்கு. ஆனா அது ரெண்டும் ஸ்டாண்டிங் ஆர்டர்."

"பேரு என்னவா இருந்தா என்ன? பணம் போகுதா, இல்லையா?"

"போகுது. ஆனா நீங்க அனுப்புறீங்க. டைரக்ட் டெபிட்னா அவங்க எடுத்துக்கணும்."

நோரீன் கவுண்டரில் இரண்டு கைகளையும் ஊன்றினாள்.

"அதே கேஸ் கம்பெனிக்குத்தான போகுது?"

"ஆமா."

"அதே தேதி. அதே பணம்."

"ஆமா, மேடம். ஆனா விதிமுறைப்படி..."

"இரு. எனக்குப் புரியுற மாதிரி நானே சொல்லிப் பாக்குறேன். பையிலேர்ந்து காச எடுத்து நானே மரியாதையா நீட்டினா நான் ஒண்ணுக்கும் ஆகாதவ. அவன் என் பையில கைய விட்டு எடுத்துக்கிட்டா நான் நல்ல வாடிக்கையாளர், எனக்கு வட்டி. அப்படித்தான?"

"அப்படிச் சொல்ல முடியாது, மேடம்."

"சரி, வேற எப்படின்னு நீ சொல்லு. கேக்குறேன்."

கேலம் திரையில் விதிமுறைப் பக்கத்தைத் தேடினான். அவன் கெட்டவன் இல்லை. யாரோ எழுதிக் கொடுத்ததை யாருக்கோ படித்துக் காட்டச் சம்பளம் வாங்குகிறவன். ஆனால் நோரீனுக்கு அப்போது கையெட்டும் தூரத்தில் இருந்த பேங்க் அவன் ஒருவன்தான்.

"விடாத, தங்கம்!" என்று வெளியே வரிசையிலிருந்து நாய் பிடித்திருந்த ஒரு கிழவர் குரல் கொடுத்தார். "எனக்கு பஸ் போயிடும். போனாப் போகுது, நீ கேளு!"

தள்ளுவண்டியில் குழந்தையோடு நின்ற பெண் படிக்கட்டுவரை வந்துவிட்டாள். "என் வீட்ல கரண்டுக்கே சாவி போட்டாத்தான் லைட்டு எரியும். கடையில காசு குடுத்து அந்தச் சாவிய நெரப்பிட்டு வரணும். வீட்டுக்காரன் மீட்டர மாத்த விடமாட்டேங்குறான். எனக்கு எங்கிருந்துப்பா டைரக்ட் டெபிட் வரும்?"

"உங்கள மாதிரி இருக்கிறவங்களுக்கு வேற கணக்கு இருக்கு, மேடம்."

"அதுல வட்டி எவ்வளவு?"

கேலம் கணினியைப் பார்த்தான்.

"அதான பாத்தேன். கரண்டுக்கும் நாங்கதான் கூடக் குடுக்கணும், வட்டியும் எங்களுக்குத்தான் கம்மி. நல்லா இருக்குய்யா உங்க நியாயம்."

"டைரக்ட் டெபிட்டுக்கு இப்போ பாதுகாப்பு வந்தாச்சு," என்று கேலம் நோரீனிடம் திரும்பினான். "கம்பெனி தப்பா எடுத்தா உடனே பணத்தத் திருப்பிக் குடுத்துருவோம். பயப்படவே வேண்டியதில்ல."

"எங்க டிவியத் திருப்பிக் குடுப்பியா?"

"என்ன டிவி, மேடம்?"

"ஒண்ணுமில்ல. நீ அப்போ பொறந்திருக்க மாட்ட."

கேலம் தொண்டையைச் செருமினான். "உங்க மனக்கஷ்டத்துக்கு இருபத்தஞ்சு பவுண்டு போட எனக்கு அதிகாரம் இருக்கு. வேணும்னா இப்பவே..."

"என் மனக்கஷ்டத்துக்கு விலை எழுதியே வெச்சிருக்கீங்களா? எடைக்கா, எண்ணிக்கைக்கா?"

வெளியே யாரோ சிரித்தார்கள். நோரீன் சிரிக்கவில்லை. கோபத்தில் அவள் காது மடல் சுட்டது. ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் ஜில்லென்று வேறொன்று ஊறிக்கொண்டிருந்தது. இந்த ஸ்டாண்டிங் ஆர்டரை அமைத்தது அவள்தான். மெல்வினுக்காக. அவன் நேற்றிலிருந்து வாங்கிக் கட்டிக்கொள்ளும் ஏச்சு முழுவதும் அவளுக்கு வரவேண்டியது.

"நான் உங்க ஆளக் கேட்டுத்தான் செஞ்சேன்," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "வீட்டுக்காரருக்கு எவனும் எடுக்கிறது பிடிக்காது, வேற வழி இருக்கான்னு கேட்டேன். இது போதும்னு சொன்னா. ஷானன்னு ஒரு பொண்ணு."

"ஷானன் இப்போ எங்ககிட்ட இல்ல, மேடம். கிளைய மூடினப்பவே போயிட்டாங்க."

"தெரியும். எங்ககிட்டதான் இருக்கா."

கேலம் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தான். "அவங்க நேர்ல வந்து, தான் தப்பாச் சொல்லிட்டேன்னு சொன்னாங்கன்னா, இங்கிருந்தே என் மேலதிகாரிக்குப் போன் போடுவேன். இந்த அளவு தொகைன்னா அவரே அன்னைக்கே போடச் சொல்லிடலாம். இல்லைன்னா புகார் எழுதிக் குடுக்கணும். பதில் வர ரெண்டு மாசம் ஆகும்."

இரண்டு மாதம். ஓட்லிங் சனிக்கிழமை மத்தியானம்வரைதான் கொடுத்திருந்தான்.

* * *

வெட்டு மேசையில் நோரீனுக்கு நேர் எதிரே நிற்கிறவள்தான் ஷானன். பேங்க் கவுண்டரில் நகப்பூச்சும் கழுத்துத் துணியுமாக இருந்தவள், இப்போது தலையில் வலையும் காலில் பூட்ஸுமாக, பனிக்கட்டியில் விறைத்த மீனை நாள் பூராவும் கீறிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக் கொடுத்தவள் நோரீன்.

இடைவேளையில், ஷெட்டின் பின்கதவுக்கு வெளியே காலிப் பெட்டிகளின்மேல் ஷானன் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். நோரீன் போய் எதிரே நின்றாள்.

"போன வருஷம் உன் கவுண்டர்ல வந்து உக்காந்தேன். ஞாபகம் இருக்கா?"

ஷானன் மெல்லுவதை நிறுத்தினாள். ஞாபகம் இருக்கிறது என்று அந்த முகமே சொல்லிவிட்டது.

"பணத்த நான்தான் அனுப்புறேன், அவங்க எடுக்கல, இதுக்கு வட்டி வருமான்னு கேட்டேன். நீ என்ன சொன்ன?"

"வரும்னு சொன்னேன்."

"வராதுன்னு உனக்குத் தெரியுமா?"

கடல் பறவைகள் குப்பைத் தொட்டியில் அடித்துக்கொண்டன. ஷானன் ரொட்டியைத் தாளில் சுற்றி வைத்தாள்.

"தெரியும்."

நோரீன் எதிர்பார்த்தது வேறு. எனக்கும் தெரியாது, என்னையும் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்வாள், சேர்ந்து பேங்க்கைத் திட்டலாம் என்று நினைத்து வந்திருந்தாள்.

"தெரிஞ்சேவா சொன்ன?"

"கிளைய மூடப்போறாங்கன்னு பேச்சு அப்பவே வந்துடுச்சு, நோரீன். நெறைய கணக்கு தொறந்து குடுக்கிறவங்களுக்கு வேற ஊர்ல வேலை போட்டுத் தருவேன்னு மேனேஜர் சொன்னாரு. நீங்க டைரக்ட் டெபிட்னதும் பையத் தூக்கிட்டு எழுந்துட்டீங்க. என் வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார்னு சொன்னீங்க. நீங்க எழுந்து போயிட்டா எனக்கு ஒரு கணக்கு போயிடும். அதான், உக்காருங்க, இன்னொரு வழி இருக்குன்னு சொல்லி..."

"வேலை போட்டுக் குடுத்தானா?"

ஷானன் தன் கைகளை விரித்துக் காட்டினாள். குளிரில் வெடித்த விரல்கள், அவற்றில் ஒட்டிய செதில்கள்.

அந்தக் கைகளைப் பார்த்து நோரீனுக்கு இரக்கம் வந்தது. வந்த இரக்கத்தின் மீதே அவளுக்கு ஆத்திரமும் வந்தது. "என் பொண்ணு கார வித்துட்டா. வண்டி கைநழுவிப் போகுது. அந்த மனுஷன் தான் செய்யாததுக்கு வீட்ல ஏச்சு வாங்கிட்டு உக்காந்திருக்கான். வந்து ஒரு வார்த்தை சொல்லு. நான் தப்பாச் சொல்லிட்டேன்னு அந்தப் பையன்கிட்டச் சொல்லு, அது போதும்."

"முடியாது."

"ஏன்?"

"வேலைய விட்டுப் போறப்போ கையெழுத்து வாங்கிட்டாங்க. பேங்க் விஷயம் எதையும் வெளிய பேசக்கூடாதுன்னு. இன்னும் ஒரு தவணைப் பணம் வரணும். பேசினா அது வராது. அத நம்பித்தான் வாடகை பாக்கி வெச்சிருக்கேன்." அவள் கண்கள் கலங்கின. "மன்னிச்சிருங்க, நோரீன். தினம் உங்க எதிர்ல நிக்கிறேன். தினம் சொல்லணும்னு நெனைப்பேன்."

"மன்னிப்ப வெச்சு வண்டி வாங்க முடியாது."

நோரீன் திரும்பி இரண்டடி வைத்தாள். மனசு கேட்கவில்லை, நின்றாள்.

"நீ இங்க வந்த மொத நாள், உன் கையுறையில ஓட்டை இருந்துச்சு. உனக்குத் தெரியல. நான் பாத்துட்டேன். பேசாம இருந்திருக்கலாம். வாயத் தொறந்தா மேற்பார்வைக்காரன் என் மேலதான் எரிஞ்சு விழுவான்னும் தெரியும், விழுந்தான். உன் விரல் மேசையில கெடக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

அதற்குமேல் எதுவும் சொல்லாமல் உள்ளே போனாள். மிச்ச வேலை நேரம் பூராவும் எதிரெதிரே நின்று இருவரும் மீனை மட்டுமே பார்த்தார்கள்.

* * *

வீட்டுக்கு வந்தபோது மெல்வின் காதில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போனுக்குள் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. ட்ரூடி அடுப்பில் மீன் வடை பொரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் பக்கம் முதுகு காட்டியபடிதான்.

"யாருக்குப் போன்?" என்றாள் நோரீன்.

"கேஸ் கம்பெனிக்கு. அரை மணி நேரமாப் பாட்டுப் போடுறான். நடுநடுவுல, உங்க அழைப்பு எங்களுக்கு முக்கியம்ங்கிறான்."

"எதுக்குக் கூப்பிடுற?"

மெல்வின் அவளைப் பார்க்கவில்லை. "வந்து எடுத்துக்கோடான்னு சொல்றதுக்கு."

நோரீன் அங்கேயே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாக மழையிலும் பனியிலும் தபாலாபீசுக்கு நடந்த மனுஷன், தன் பையில் கையை விடச் சொல்லிக் கெஞ்சுவதற்காக, பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்துக்கிடக்கிறான்.

எட்டி அந்தப் போனை வாங்கி அணைத்தாள்.

"ட்ரூடி, அடுப்ப அணைச்சுட்டு இங்க வா. அப்பா எதையும் நிறுத்தல. ஆரம்பிச்சிருந்தாத்தான நிறுத்த முடியும்? நான் அந்த டைரக்ட் டெபிட்ட ஆரம்பிக்கவே இல்ல." எல்லாவற்றையும் சொன்னாள். பேங்க் வண்டி, எடுப்பதற்கும் அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசம், ஷானன், கையெழுத்து. எதையும் மழுப்பவில்லை. "திட்டணும்னா என்னைத் திட்டு."

ட்ரூடி கரண்டியோடு நின்றாள். "அம்மா, அப்ப அப்பாவுக்கு..."

"எனக்குத் தெரியும்," என்றான் மெல்வின்.

"என்ன தெரியும்?"

"மொத மாசமே தெரியும். பேங்க்லேர்ந்து வந்த தாளப் பாத்தேன். எடுத்துக்கிட்டாங்கன்னு போடல, அனுப்பினதுன்னு போட்டிருந்துச்சு. எனக்காகத்தான் இப்படிப் பண்ணியிருக்கான்னு புரிஞ்சுது. அதுல வட்டி போகும்னு தெரியாது. தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருப்பேன்."

"நேத்து அவ்வளவு கத்தினேனே," ட்ரூடியின் குரல் உடைந்தது. "நீ ஏம்ப்பா வாயத் தொறக்கல?"

"தொறந்தா உங்கம்மாகிட்டக் கத்தியிருப்ப. எனக்குப் பழகிப்போச்சு. அவளுக்குக் காலையில வேலை இருந்துச்சு."

ட்ரூடி கரண்டியை வைத்துவிட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் நழுவியிருந்த தலையணையை இழுத்துச் சரிசெய்தாள். அந்த வீட்டில் மன்னிப்பு அப்படித்தான் கேட்பார்கள்.

"வடை கருகுது," என்றான் மெல்வின்.

தின்றார்கள். யாரும் வண்டிப் பேச்சை எடுக்கவில்லை. ஓட்லிங் தந்த சாவி உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் கிடந்தது. நாளைக்கு ஒரு நாளுக்கு மட்டும் அது ட்ரூடியின் வண்டி. போய் ஓட்டிவிட்டு வரவேண்டும், பிறகு அந்தச் சாவியை ஸ்கெக்னஸ்காரனுக்குக் கொடுக்க வேண்டும்.

"நான் போகல," என்றாள் ட்ரூடி திடீரென்று. "ஓட்டிப் பாத்துட்டுக் குடுக்குறத விட, பாக்காமலே இருக்கலாம்."

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

நோரீன் போய்த் திறந்தாள். வாசலில் ஷானன். தலை வலையின் தடம் நெற்றியில் இன்னும் அழியவில்லை. வேலை முடிந்து நேராக வந்திருக்கிறாள்.

"உள்ள வரமாட்டேன்," என்றாள். "இவங்கள்லாம் இருக்காங்க."

"இவங்ககிட்டதான் நீ சொல்லணும். வா."

ஷானன் சமையலறை வாசல்படியோடு நின்றுகொண்டாள். மெல்வினைப் பார்த்துத் தலையைக் குனிந்தாள். ட்ரூடி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்தப் பையன்கிட்ட வந்து சொல்றேன்," என்றாள் ஷானன். "நான்தான் தப்பாச் சொன்னேன், வேணும்னே சொன்னேன்னு சொல்றேன். ஆனா அவன் இந்த ஊருக்கு இனி அடுத்த வியாழன்தான் வருவான்."

"சனிக்கிழமையோட எங்க கதை முடிஞ்சுது," என்றாள் ட்ரூடி.

"நாளைக்கு அவன் லவுத்துல நிப்பான். அந்த வண்டியோட ரவுண்டு எனக்கு மனப்பாடம், மூடுறதுக்கு முன்னாடி நானும் மூணு மாசம் அதுல போயிருக்கேன். காலையிலேர்ந்து சந்தைத் திடல்ல நிப்பான். ஆனா என்கிட்ட வண்டி இல்ல. பஸ்ஸ நம்பியும் போக முடியாது."

ட்ரூடி உப்பு ஜாடிப் பக்கம் கையை நீட்டிச் சாவியை எடுத்தாள்.

"லவுத் சந்தைத் திடல்லதான் ஓட்லிங்கோட எடம்," என்றாள் மெதுவாக. "வெள்ளிக்கிழமை மீனுக்கு ஊரே அங்கதான் வரிசை கட்டும். பேங்க் வண்டி எந்தப் பக்கம் நிக்கும்?"

"நேர் எதிர்ல."

மெல்வின்தான் கேட்டான். "உன் தவணைப் பணம்?"

"போகும். தெரியும்." ஷானன் பொத்தான் போடாத கோட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "இன்னொண்ணும் சொல்லிடுறேன். நோரீனுக்கு மட்டும் நான் இப்படிப் பண்ணல. அந்த மாசம் நான் தொறந்த கணக்குல பாதி இப்படித்தான். நம்ம ஷெட்டுலயே மூணு பேர் இருக்காங்க. அவங்க இன்னும் வட்டியப் பாக்கல."

நோரீனுக்குப் பேங்க் வண்டிக்குள் நின்றபோது சுட்டதுபோல் மறுபடியும் காது சுட்டது. இப்போது அடியில் ஜில்லென்று எதுவும் இல்லை. மேற்பார்வைக்காரன் நாளைக்கு முழுநாள் கூலியைப் பிடிப்பான். பிடிக்கட்டும்.

"அந்த மூணு பேரு யாரு?" என்றாள். "இப்பவே போய்ச் சொல்லுவோம். வண்டியில எடம் இருக்குல்ல, ட்ரூடி?"

"மீன் பெட்டி மேல உக்காந்து வந்தா இருக்கு."

மெல்வின் மேசையைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றான். கொக்கியிலிருந்த தன் கோட்டை எடுத்தான்.

"ஐஸ் கொஞ்சம் கூடவே ஏத்திக்கோ, ட்ரூடி," என்றான். "நாளைக்குப் பேச்சு நீளும்."